பதினைந்து பேருக்காகக் கோபப்பட்டவர்கள்

ரக்பி என்ற விளையாட்டை நான் ஐம்பத்திரண்டாவது வயதில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆசைப்பட்டுப் போய்ப் பார்க்கவில்லை. போக்கிடம் இல்லாமல் போய்ப் பார்த்தேன்.

பதினெட்டு வருடம் வேலை பார்த்த கம்பெனி ஒரு செவ்வாய்க்கிழமை காலை என்னை வீட்டுக்கு அனுப்பியது. வீடியோ மீட்டிங் ஒன்பது நிமிடம். கேமராவை ஆன் செய்வதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. பின்னாலேயே ஒரு மெயில் வந்தது. கடினமான முடிவு, உங்கள் பங்களிப்புக்கு மனமார்ந்த நன்றி, அடுத்த பயணத்துக்கு வாழ்த்துகள். நான் சும்மா இருந்திருக்கலாம். பதில் போட்டேன். வாய்ப்பளித்ததற்கு நன்றி, நிறையக் கற்றுக்கொண்டேன், என் வேலையை எடுத்துக்கொள்பவருக்குச் சந்தேகம் வந்தால் எப்போது வேண்டுமானாலும் என்னை அழைக்கலாம் என்று. அனுப்பும் முன் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்க்கவும் செய்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "ஏனுங்க, குரூப்ல யாருக்கும் சொல்லிப்போடாதீங்க."

குரூப் என்றால் கலிபோர்னியாவில், சான் ரமோனில், எங்களையும் சேர்த்து ஐந்து தமிழ்க் குடும்பங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் மதியச் சாப்பாடு. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவோம். முன்பு ஆறு குடும்பங்களாக இருந்தோம். ஆறாவது வீட்டுக்காரருக்கு வேலை போனது தெரிந்ததும் எல்லோரும் ரொம்ப இரக்கப்பட்டோம். பாவம், நாம எல்லாரும் ஆபீஸ் கதை பேசுவோம், அவங்களுக்குச் சங்கடமா இருக்கும், இந்தத் தடவை கூப்பிட வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். தலையாட்டினோம். அடுத்த தடவையும் கூப்பிடவில்லை. பிறகு பழைய வாட்ஸாப் குரூப்பில் யாரும் எதுவும் போடவில்லை, அவர்களை விட்டுவிட்டு நாங்கள் ஐந்து குடும்பங்கள் மட்டும் ஒரு புதுக் குரூப்பில் இருந்தோம். அவர்கள் டெக்சாஸுக்கு வீடு மாறிப் போனது மளிகைக் கடையில் கேள்விப்பட்டுத்தான் எங்களுக்குத் தெரியும். அந்தப் புதுக் குரூப்பை ஆரம்பித்தவன் நான்தான்.

அதனால் மனைவி ஏன் பயந்தாள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். எதிர்வீட்டில் இருப்பதும் குரூப்பைச் சேர்ந்த குடும்பம். காலையில் நான் கிளம்புவது அவர்கள் சன்னலில் இருந்து தெரியும். ஆகவே எட்டரை மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினேன். ஃப்ரீவேயில் இருபது நிமிடம் ஓட்டினால் ஒரு கல்லூரி மைதானம். அங்கே காரை நிறுத்திவிட்டு லேப்டாப்பை மடியில் வைத்து வேலைக்கு விண்ணப்பிப்பேன். கழுத்தில் பழைய அடையாள அட்டை வேறு. அதை ஏன் மாட்டிக்கொண்டு போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்த மைதானத்தில்தான் எங்கள் பகுதியின் தொழில்முறை ரக்பி அணி பயிற்சி செய்தது.

முதல் நாள் கண்ணாடியை இறக்காமல்தான் பார்த்தேன். எட்டுப் பேர் ஒரு பக்கம், எட்டுப் பேர் எதிர்ப்பக்கம். ஒவ்வொருவரும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் அகலம். தோளோடு தோள் கோத்துக் குனிந்து, ஒருவர் சொல்ல, ஒரே சமயத்தில் தலையோடு தலை மோதிக்கொண்டு தள்ளினார்கள். இதற்கு ஸ்க்ரம் என்று பெயர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த மோதல் சத்தம் மூடிய கண்ணாடி வழியாகவும் கேட்டது. குளிர்காலக் காலையில் அந்தப் பதினாறு பேர் முதுகிலிருந்தும் ஆவி எழுந்தது. நான் மடியிலிருந்த விண்ணப்பத்தை மறந்துவிட்டேன். வாய் பிளந்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, லேப்டாப் தூங்கியே போய்விட்டது.

பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, பின்னால் வருபவனுக்குத்தான் கொடுக்கலாம் என்ற விதி புரிந்தபோது என் மலைப்பு இன்னும் கூடியது. முன்னால் ஓடுகிறவன் பின்னால் பார்க்காமலே கொடுக்கிறான். அங்கே ஒருவன் இருப்பான் என்று நம்பிக் கொடுக்கிறான். இருக்கிறான். பதினெட்டு வருடம் ஒரே மாடியில் வேலை பார்த்த எனக்கு அப்படி யாரும் பின்னால் இருந்ததாக ஞாபகம் இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு அம்மாள் வந்து என் கார் கண்ணாடியைத் தட்டினார். அறுபது வயதிருக்கும். பசிபிக் கடலில் இருக்கும் டோங்கா தீவில் பிறந்தவர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான், நான் எனக்குப் புரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"தினமும் உளவு பாக்கிறியே, எந்த டீம் அனுப்பிச்சுது உன்னை?" என்றார்.

நான் பதறிப்போய், சும்மா பார்க்கிறேன், கார் நிறுத்தக் கூடாது என்றால் எடுத்துவிடுகிறேன், மன்னிக்கவும் என்று சொல்லிச் சாவியைத் தேடினேன். கிரீன் கார்டு வந்து ஏழு வருடம் ஆகிவிட்டது. பயம் மட்டும் இன்னும் விசாவிலேயே இருக்கிறது.

அவர் சிரித்துவிட்டுக் கதவைத் திறந்தார். "இறங்கு. கார்ல இருந்து பாக்கிறது விளையாட்டே இல்ல" என்றார்.

அன்றிலிருந்து அவர் பக்கத்தில்தான் நிற்பேன். சனிக்கிழமைகளில் மேட்ச். அதிகம் போனால் இரண்டாயிரம் பேர் வருவார்கள். அந்த அம்மாள் ஒரு பெரிய மரப் பறையை வேனிலிருந்து இறக்கி, முதல் விசிலில் இருந்து கடைசி விசில் வரை அடிப்பார். உங்கள் பையன் ஆடுகிறானா என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"இல்ல. எனக்கு ரெண்டும் பொண்ணு. அதுங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது."

"சொந்தக்காரங்க யாராவது?"

"யாருமே இல்ல. ஏன் கேக்கிற?"

எங்கள் ஊரில் ஒரு காரியத்துக்கு ஒருவர் அலைந்தால் அவருக்கு அதில் யாராவது இருப்பார்கள் என்றுதான் அர்த்தம்.

நான் மேட்சுக்குப் போகாதது குரூப் சாப்பாடு இருந்த சனிக்கிழமைகளில் மட்டும்தான். அங்கே போய் ஆபீஸில் புது ப்ராஜெக்ட், ரிலீஸ் நெருக்குகிறது என்று புளுகினேன். புளுகு நன்றாக வந்தது. மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள்.

சீசன் முடிந்து சில நாட்களில் லீக் நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அடுத்த வருடப் போட்டியில் எங்கள் அணி இருக்காது. அந்த அம்மாள் எனக்கு அதை அனுப்பியிருந்தார். மளிகைக் கடை வரிசையில் நின்றபடி படித்தேன். கடினமான முடிவு, அணியின் பங்களிப்புக்கு மனமார்ந்த நன்றி, ரசிகர்களின் அடுத்த பயணத்துக்கு வாழ்த்துகள். எனக்கு வந்த கடிதம்தான். பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். கொத்தமல்லியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னால் இருந்தவர் நகரச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டாராம்.

அந்தச் சனிக்கிழமை காலை மைதானத்துக்குப் போனேன். வெளிக்கதவு பூட்டியிருந்தது. வெளியே கார் நிறுத்துமிடத்தில் நானூறு ஐந்நூறு பேர். மேட்ச் கிடையாது, ஒன்றும் கிடையாது, ஆனாலும் எல்லோரும் அணியின் பச்சை ஜெர்சியில் வந்திருந்தார்கள். கைக்குழந்தைக்குக்கூட ஒரு பச்சைத் துணி. ஊன்றுகோல் வைத்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தா இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். ஒரு தச்சர், ஒரு பல் மருத்துவர், பேக்கரியில் வேலை செய்யும் மெக்சிகோக்காரர்கள் நான்கு பேர். எல்லோருக்கும் கோபம்.

நான் கோபத்தைப் பார்த்திருக்கிறேன். ஊரில் பஸ் மறியல் பார்த்திருக்கிறேன். இது வேறு. யாரும் எதையும் உடைக்கவில்லை. ஒருவர் ஒரு வேனின் பின்பக்கத்தில் ஏறி நின்று, நான் மாதக் கணக்கில் பிசியோதெரபி எடுத்தபோது இவர்கள் ஆடுவதைப் பார்க்கத்தான் எழுந்து நடந்தேன், இவர்களைத் தூக்க நீங்கள் யார் என்று கேட்டார். அடுத்தவர் ஏறினார். தங்களுக்குச் சொந்தமில்லாத, அணியில் இறங்கி ஆடும் பதினைந்து பேருக்காக, ஒருவரை ஒருவர் தெரியாத இத்தனை பேர், வெட்கமே இல்லாமல் கோபப்பட்டார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

லீக்கின் பிரதிநிதி வியாழக்கிழமை ரசிகர்களைச் சந்திக்க வருகிறார், அவரிடம் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. அந்த அம்மாள் என் முதுகில் தட்டினார். "நீ படிச்சவன். கம்ப்யூட்டர் ஆளு. நீ எழுது."

பெருமையாக இருந்தது. காருக்குள் போய் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் எழுதினேன். அதை அவர் வேனின் பின்பக்கத்தில் ஏறி நின்று எல்லோருக்கும் கேட்கப் படித்தார். மதிப்பிற்குரிய ஐயா. தங்கள் முடிவுக்குப் பின்னால் தக்க காரணங்கள் இருக்கும் என்பதை நாங்கள் முழுமையாக அறிவோம். தங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும். இவ்வணியைப் போட்டியில் தொடர அனுமதிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். தாங்கள் எந்த முடிவெடுத்தாலும் என்றென்றும் நன்றியுடையவர்களாக இருப்போம். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள ரசிகர்கள்.

கோபிசெட்டிபாளையத்தில் ஆறாம் வகுப்பில், காய்ச்சலுக்கு லீவு கேட்டு எழுதக் கற்றுக்கொடுத்த அதே கடிதம். அதற்குப் பிறகு நான் வாழ்க்கையில் எழுதிய எல்லாக் கடிதமும் அந்த லீவு லெட்டர்தான் என்று அவர் குரலில் கேட்டபோதுதான் உறைத்தது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து காகிதத்தை என்னிடமே கொடுத்தார்.

"உன் கால்மேல யாராவது கார் ஏத்தினா டயர்கிட்ட மன்னிப்புக் கேப்பியா?"

நான் காகிதத்தை நான்காக மடித்தேன்.

"நெஜமாதான் கேக்கிறேன். எதுக்கு நன்றி?"

எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று தெரியாது. எனக்கும் லீக் அனுப்பிய மாதிரியே ஒரு கடிதம் வந்தது, நானும் நன்றி சொல்லித்தான் பதில் போட்டேன் என்று சொன்னேன். பதினெட்டு வருடம் என்றேன். ஒன்பது நிமிடம் என்றேன். சனிக்கிழமையிலும் கழுத்தில் தொங்கிய பழைய அடையாள அட்டையைக் கையில் பிடித்துக் காட்டினேன்.

இந்த நாட்டில் யாரிடம் துக்கத்தைச் சொன்னாலும் தோளைத் தொட்டு, ஐயோ, வருந்துகிறேன் என்பார்கள். நான் அதற்குத் தயாராக இருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. அவர் முகம் சிவந்தது. "ஒன்பது நிமிஷமா?" என்று கத்தினார். பக்கத்தில் இருந்த தச்சர் பக்கம் திரும்பி, "இந்த ஆளை ஒன்பது நிமிஷத்துல தூக்கியிருக்காங்க!" என்றார். தச்சர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். ஊன்றுகோல் தாத்தா என் பழைய கம்பெனியின் முகவரியைக் கேட்டார். என் பெயர்கூடச் சரியாகச் சொல்ல வராத பத்துப் பதினைந்து பேர் என்னைச் சுற்றி நின்று எனக்காகக் கோபப்பட்டார்கள். மனைவி எனக்காக அழுதிருக்கிறாள். கோபப்பட்டது இவர்கள்தான். தெருவில் நின்று அழுவது அசிங்கம் என்று நினைக்கிறவன் நான். அழுதேன்.

வியாழக்கிழமை மாலை ஒரு சமூகக் கூடத்தில் சந்திப்பு. லீக்கின் பிரதிநிதி நீல நிறக் கோட்டில் வந்திருந்தார். பார்க்க நல்ல மனிதர். வழுக்கிக்கொண்டு போகும் ஆங்கிலம். அரை மணி நேரம் பேசியதில் ஒரு வாக்கியத்தைக்கூடப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஆட்டக்காரர்கள் பின்சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அத்தனை பெரிய உடம்புகள், எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத கைகள். கடைசியாக அவர், "உங்கள் ஆதரவுக்கு மனமார்ந்த நன்றி" என்றார்.

முன்வரிசையில் இருந்த அந்த அம்மாள் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நன்றி வேண்டாம். காரணம் சொல்லுங்க."

பிரதிநிதி மறுபடி கடினமான முடிவு என்று ஆரம்பித்தார். இன்னொருவர் எழுந்து, "காரணம் சொல்லுங்க" என்றார். இன்னொருவர். ஒவ்வொருவராக எழுந்து நின்று அதே ஒரு வார்த்தையைச் சொன்னார்கள். யாரும் சேர்ந்து கோஷம் போடவில்லை, ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் எழுந்தார். பல் மருத்துவர் சொன்னார். பேக்கரிக்காரர்கள் ஸ்பானிய மொழியில் சொன்னார்கள். முந்நூறு பேர். என் வரிசை வந்தது. எழுந்தேன். சொன்னேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடத்தில் நான் எதிர்த்து நின்று கேட்ட முதல் கேள்வி அது. உட்கார்ந்த பிறகும் எனக்குப் பின்னால் அது போய்க்கொண்டே இருந்தது, சுவரோரம் நின்ற அந்த ஃப்ரிட்ஜ்கள் எல்லாம் தலை குனிந்து அழுதுகொண்டிருந்தன.

பிரதிநிதி கடைசிவரை காரணம் சொல்லவில்லை. அணி திரும்பி வரவும் இல்லை. ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போனார்கள். முந்நூறு பேர் கேட்டும் நடக்கவில்லையே என்று நான் அந்த அம்மாளிடம் சொன்னபோது, "நடக்கும்னு யார் சொன்னா? வாயை மூடிட்டுப் போகலைல்ல" என்றார்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் குரூப் சாப்பாடு. எதிர்வீட்டிலேயே. மனைவி செய்த எலுமிச்சைச் சாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கும்போது அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லப் போறீங்களா?"

"ஆமா."

"அப்பறம் நம்மளக் கூப்பிட மாட்டாங்கங்க."

"தெரியும்."

அவள் கொஞ்சம் நின்றாள். பிறகு முன்னால் நடந்தாள்.

எதிர்வீட்டுக்காரர் சென்னைக்காரர். எந்தக் கூட்டத்திலும் அவர்தான் பேச்சு, அவர்தான் சிரிப்பு. அன்று தன் மேனேஜரைப் போல நடித்துக்காட்டிக்கொண்டிருந்தார். முந்தாநாள் மீட்டிங்கில் மேனேஜர் மைக்கை ஆஃப் செய்யாமல் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கிய கதை. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"உங்க ஆபீஸ்ல என்ன பாஸ் விசேஷம்? ரிலீஸ் முடிஞ்சுதா?"

"எனக்கு ஆபீஸ் இல்ல. அஞ்சு மாசம் முன்னாடியே லேஆஃப் பண்ணிட்டாங்க" என்றேன்.

தட்டில் கரண்டி வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு வீட்டு அம்மா, அச்சச்சோ என்று ஆரம்பித்தார்.

"அச்சச்சோ வேண்டாம்ங்க," என்றேன். குரல் கொஞ்சம் தூக்கலாகவே வந்தது. "போனவாட்டி ஒருத்தருக்கு அச்சச்சோ சொன்னோம். சொல்லிட்டுக் கூப்பிடறத நிறுத்திட்டோம். அவங்க ஊரை விட்டே போனாங்க. அந்தப் புதுக் குரூப்ப கிரியேட் பண்ணினது நான். இப்ப என்னையும் அப்படிப் பண்ணணும்னா, பண்ணுங்க. ஆனா ஏன்னு மூஞ்சியப் பார்த்துச் சொல்லிட்டுப் பண்ணுங்க."

என் மனைவி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சென்னைக்காரர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும்தான் பாஸ்," என்றார். "தீபாவளிக்கு முன்னாடியே."

அப்படியானால் அந்த மேனேஜர் கதை என்று என் வாய் வரை வந்தது, நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் சமையல் மேடையருகே பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அந்தம்மாவுக்கும் இப்போதுதான் தெரிகிறது. கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு மெதுவாக நடந்து வந்து, இத்தனை பேர் இருக்கிறோம் என்றுகூடப் பார்க்காமல், கணவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அப்போ தெனமும் காலைல நான் கட்டிக் குடுத்த சாப்பாட்ட," என்று கேட்டார், "நீங்க எங்க உக்காந்து சாப்ட்டீங்க?"